சந்நிதிக்குப் போகாத பூ

சித்திரை 10, புதன்

மலைமேல் முகில் இல்லை. நந்தவனத்தில் மல்லிகை இவ்வாண்டு முன்னதாகவே பொலிந்துவிட்டது. இரு கூடை பறித்து, ஈரத்துணி போர்த்தி, உண்ணாமுலையம்மன் சந்நிதிக்கு அனுப்பினேன்.

பௌர்ணமியன்று கிரிவலப் பாதை மண்டபத்தில் என் சொற்பொழிவு. குளக்கரையில் அழுத பிள்ளைக்கு அம்மை பாலூட்டிய வரலாறுதான் பொருள். ஆண்டுதோறும் சொல்லிவருவது, ஆயினும் புதிதாகக் குறிப்பெடுக்க அமர்ந்தேன். மனம் ஊன்றவில்லை.

மருமகள் நிறைமதிக்குக் கால்வீக்கம் குறையவில்லை. இரத்த அழுத்தம் மிகுந்திருப்பதாக நர்சிங் ஹோமில் சொன்னார்களாம். என் மகன் சிவநேசன் பனிமலை முகாமில் எல்லைக் காவலில் இருக்கிறான். ஹெலிகாப்டர் வந்தாலன்றி இறங்க இயலாது. நிறைமதி தாயில்லாப் பெண். என் மனைவி மரகதமும் இறைவனடி சேர்ந்துவிட்டாள். ஆகவே போளூரிலிருந்து அக்காவை வரவழைத்திருக்கிறேன். அக்காவின் பெயரும் உண்ணாமுலைதான். இவ்வூர்ப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் அம்மன் பெயரைத் தாங்கியிருப்பர்.

சித்திரை 11, வியாழன்

விடியலில் நிறைமதிக்குத் தலைவலியும் கண் இருட்டலும். உடனே பிரசவம் ஆனாலன்றித் தாய்க்கு ஆபத்து என்றார்கள். பெண் மகவு. எட்டாம் மாதம்.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஏழுல பொறந்தாக்கூடத் தங்கும்டா தம்பி. எட்டுல பொறந்தது..." என்று சொல்லி நிறுத்தினார்.

குழந்தையைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் கொண்டுசென்றார்கள். நான் ஓட்டுநர் அருகில் அமர்ந்து சென்றேன். புறப்படுமுன் நிறைமதி படுத்தவாறே என்னை அழைத்தாள்.

"மாமா, நல்ல தமிழ்ப் பேரா ஒண்ணு பாத்து வைங்க. வாயில நுழையிற மாதிரி."

பார்க்கிறேன் என்றேன்.

சித்திரை 12, வெள்ளி

பச்சிளங்குழந்தைகள் பிரிவு முதல் மாடியில் இருக்கிறது. கண்ணாடிக் கதவு. அப்பால் நீல விளக்குகள். சகாயராணி என்ற செவிலியர் பொறுப்பில் இருக்கிறார். குரலில் அதிகாரம் உண்டு, முகத்தில் இல்லை.

"கைய சோப்பு போட்டுக் கழுவிட்டு உள்ள வாங்க தாத்தா. உங்க பேத்தியப் பாருங்க."

மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். நாளை பார்க்கிறேன் என்றேன்.

குழந்தைக்கு மூச்சு சீராக இல்லை. வயிறு உப்பியிருப்பதால் வாய்வழியாக எதுவும் தரவில்லை. ஊட்டமெல்லாம் நரம்பு வழியாகத்தான் ஏறுகிறது என்று மருத்துவ அம்மையார் சொன்னார்.

மாலையில் நர்சிங் ஹோமுக்குச் சென்றேன்.

"குட்டி என்ன பண்ணுறா மாமா?"

"அரும்பு அவிழுமுன் மணம் உள்ளே உறங்குவது போல..."

"ஐயோ மாமா, செய்யுளாச் சொல்லாதீங்க! கண்ணத் தொறந்தாளா, இல்லையா?"

"திறந்தாள்."

"யார் மாதிரி இருக்கா?"

"உன்னைப் போல."

அவள் சிரித்தாள். அழுத்த மாத்திரையின் மயக்கத்தில் உடனே உறங்கியும் விட்டாள்.

சித்திரை 13, சனி

சுக்கு, திப்பிலி, பனங்கற்கண்டு வாங்கினேன். குழாயில் தண்ணீர் வரவில்லை. தெருமுனையிலிருந்து சுமந்து வந்தேன்.

தாயிடம் தெரிவிக்குமாறு சகாயராணி ஒரு செய்தி சொன்னார். அது பெண்கள் தமக்குள் பேசவேண்டியது. இங்கு எழுதுவது முறையன்று. மருமகளிடம் மாமன் எப்படிச் சொல்வது? அக்கா வழியாகச் சொல்ல எண்ணினேன். வீடு திரும்பியபோது அக்கா உறங்கிக்கொண்டிருந்தார்.

சித்திரை 14, ஞாயிறு

நிறைமதியை வீட்டுக்கு அழைத்துவந்தோம். படியேறக் கூடாது, அலையக் கூடாது, அழுத்தம் முழுமையாக இறங்கும்வரை ஓய்வு என்று எழுதித் தந்திருக்கிறார்கள். ஆகவே குழந்தைக்கும் தாய்க்கும் இடையே தூது நானே.

"சொல்லிட்டீங்களா தாத்தா?" என்று கேட்டார் சகாயராணி.

சொல்லிவிட்டேன் என்றேன். இன்று சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். ஆகவே அது முழுப் பொய்யாகாது.

சித்திரை 15, திங்கள்

காலைப் பாராயணத்தின் நடுவே உள்ளறையிலிருந்து முனகல் கேட்டது. நிறைமதி முனகும் பெண்ணல்லள். மின்வாரிய அலுவலகத்தில் கட்டணம் கட்ட வந்து கூச்சலிடுவோரையெல்லாம் ஒரு பார்வையில் வரிசையில் நிற்கவைப்பவள்.

அக்கா வெளியே வந்தார்.

"பால் கட்டிக்கிச்சுடா. ரெண்டு பக்கமும் கருங்கல்லு மாதிரி. அக்குள் வரைக்கும் நெறி கட்டியிருக்கு. ரவிக்கை பட்டாக்கூடத் துடிக்கிறா. சூடு அடுப்பாட்டம் அடிக்குது."

நான் பக்கத்தைப் புரட்டினேன்.

அக்கா என் எதிரில் அமர்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"புள்ள எப்படிடா இருக்கு? உள்ளதச் சொல்லு."

நான் தரையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பின் தலையசைத்தார்.

"தெரியும். எட்டாம் மாசம். சரி, இவளையாவது காப்பாத்தணும். அன்னைக்கு மரகதத்துக்குக் கொண்டாந்தியே, அந்த மாதிரி மல்லிப்பூ வேணும். நெருக்கமாத் தொடுத்தது. ரெண்டு வேளையும்."

நந்தவனத்துக்குச் சென்றேன். இரு கூடை மல்லிகையையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அம்மன் சந்நிதிக்கு இன்று அரளி மட்டும்.

சித்திரை 16, செவ்வாய்

மலரின் குளிர்ச்சி வேலை செய்கிறது. நேற்றைவிடக் கனம் குறைந்திருப்பதாக அக்கா சொல்கிறார். அடுக்கடுக்காக வைத்து, மேலே பழந்துணியால் இறுக்கிக் கட்டியிருக்கிறாராம். நிறைமதி அரைத்தம்ளர் கஞ்சி குடித்தாள்.

"சாமிக்குப் போற பூவ எனக்குக் கட்டுறீங்களே மாமா. அம்மன் கோச்சிக்க மாட்டாளா?" என்று திரைச்சீலைக்கு அப்பாலிருந்து கேட்டாள்.

"அவளும் தாய்தானே அம்மா."

"அப்போ ஒரு கேள்வி. பேரு பாத்தீங்களா?"

"பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

"தமிழ்ல அவ்வளவு பஞ்சமா மாமா?" அக்காவும் சிரித்தார், நானும் சிரித்தேன்.

கோயிலில் மாலைகட்டும் வேலாயுதம் வழியில் மடக்கினார். "புலவரே, மல்லி எங்கே? அம்மன் கழுத்து மொட்டையா நிக்குது."

செடியில் பூச்சி விழுந்துவிட்டது என்றேன்.

சித்திரை 17, புதன்

மருத்துவ அம்மையார் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு என்னிடம் வந்தார். அவர் வருவதைக் கண்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டேன். எதைச் சொல்ல வருவார்கள் என்பது எனக்குத் தெரியும். முன்னர் ஒருமுறை இப்படி ஒரு வராந்தாவில் நின்றிருக்கிறேன்.

"நல்ல சேதி பெரியவரே. வயித்து உப்புசம் இறங்கிடுச்சு. தானா மூச்சு விடுறா. நாளையிலேருந்து பால் ஆரம்பிக்கலாம்."

"எந்தப் பால்?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். "அம்மா பால்தான். வேற எந்தப் பால்? மாவுப்பால் குடுத்தா இந்தக் குடல் தாங்காது, அழுகிடும். தாய்ப்பால்தான் இப்போ மருந்து."

சகாயராணி பின்னாலிருந்து, "தாத்தாகிட்ட அன்னைக்கே சொல்லிட்டேன் மேடம். ரெண்டு மூணு மணிக்கு ஒருதரம் கறந்துடச் சொல்லுங்க, இல்லன்னா கட்டிக்கும், காய்ச்சல் வரும், அப்புறம் வத்தியே போயிடும்னு. எல்லாம் பண்ணிட்டிருப்பாங்க" என்றார்.

நாளை கொண்டுவருகிறேன் என்றேன்.

வீட்டில், காலையில் நான் கொடுத்த பூவை அக்கா கட்டி முடித்திருந்தார். வீக்கம் பெரும்பாலும் வற்றிவிட்டதாம். இடப்பக்கத்தில் மட்டும் உள்ளங்கை அளவு சிவந்து, தொட்டால் தீயாக இருக்கிறதாம். சிறு காய்ச்சலும் உண்டு.

திரைச்சீலை அருகில் சென்று நின்றேன். "என்ன மாமா?" என்றாள். சொற்பொழிவுக் குறிப்பைக் காணவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். குறிப்பு என் கையில்தான் இருந்தது.

அது பிழைக்கும் என்று இதுவரை எவரும் எனக்குச் சொல்லவில்லை. இன்றுதான் சொன்னார்கள்.

சித்திரை 19, வெள்ளி

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன். ஆஸ்பத்திரி வராந்தாவின் இரும்பு நாற்காலியில் அமர்ந்து எழுதுகிறேன்.

நேற்றுக் காலை வெறுங்கையோடு சென்றேன். தாய்க்குக் காய்ச்சல் என்றேன். சகாயராணியின் முகம் மாறியது.

"காய்ச்சல்னா உடனே கூட்டிட்டு வரணும் தாத்தா. இன்னைக்குத் தாய்ப்பால் வங்கியிலேருந்து எடுத்துக் குடுக்குறோம். அங்க இருப்பு கம்மி. இவளைவிடச் சின்னதெல்லாம் வரிசையில இருக்கு. தினமும் கேக்க முடியாது."

மாலையில் மண்டபம் நிறைந்திருந்தது. சித்திரா பௌர்ணமி. பாதையில் மக்கள் வெள்ளம் மலையை வலம்வரத் தொடங்கியிருந்தது. நான் வணக்கம் சொல்லித் தொடங்கினேன். தந்தை நீராட மூழ்கினார். கரையில் பிள்ளை அழுதது. அம்மையப்பர் விடைமீது தோன்றினர். குரல் நன்றாகவே எழுந்தது. பிறகு, "அம்மை தன் திருமுலைப்பாலைப் பொற்கிண்ணத்தில் கறந்து..." என்றேன்.

அந்த இடத்தில் நின்றேன்.

மேடையில் அச்சொல்லை உரக்கச் சொல்ல எனக்கு ஒருநாளும் நா கூசியதில்லை. கூட்டம் கண்ணீர் மல்கக் கேட்கும். ஆனால் அம்மை அந்தப் பிள்ளையை மார்போடு அணைத்து ஊட்டவில்லை. கறந்தாள். கிண்ணத்தில் ஏந்தினாள். கொடுத்தாள். சகாயராணி சனிக்கிழமை என்னிடம் சொன்னது இதைத்தான். பொருள் விரித்து விரித்து நான் ஊருக்குச் சொன்னதை, ஒரு திரைச்சீலைக்கு இப்பாலிருந்து ஒருத்தியிடம் சொல்லவில்லை.

"ஐயாவுக்குத் தண்ணி குடுங்கப்பா" என்றது ஒரு குரல். நான் மேடையைவிட்டு இறங்கி நடந்தேன்.

வீடு மண்டபத்துக்கு அடுத்த சந்தில் இருக்கிறது. அக்கா வாசலில் நின்றார். "என்னடா பாதியிலயே வந்துட்ட?"

உள்ளறை வாயிலில் நின்றேன். திரைச்சீலையை நோக்கிச் சொன்னேன். "அம்மா நிறைமதி, குழந்தைக்கு உன் பால் வேண்டுமாம். கறந்து கிண்ணத்தில் கொண்டுவரச் சொன்னார்கள்."

அவளே திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். காய்ச்சலில் கண்கள் சிவந்திருந்தன.

"எப்போ சொன்னாங்க?"

"சனிக்கிழமை."

அவள் கழுத்தருகே சேலைக்குள்ளிருந்து வாடிய சரத்தின் ஒரு நுனி தெரிந்தது. அதைப் பிடித்து இழுத்தாள். சரம் நீளமாக வந்துகொண்டே இருந்தது.

"அத்தை, இந்தப் பூ எதுக்கு?"

"வலி தணியத்தாம்மா..."

"அத்தை."

அக்கா சுவரோரம் அமர்ந்துவிட்டார். "பால் வத்துறதுக்கு. புள்ள தங்காத வீட்டுல அப்படித்தான் கட்டுவாங்க. நான் ஒன்னத்தான் நெனச்சேன், தாயி..."

"தங்காதுன்னு யார் சொன்னா?"

அக்கா என்னைப் பார்த்தார்.

"நீங்க தினமும் பாக்குறீங்களே மாமா. கண்ணத் தொறந்தான்னு சொன்னீங்க. கைய ஆட்டுறான்னு சொன்னீங்க. என்னைப் போல இருக்கான்னு சொன்னீங்க. அவ தலையில முடி இருக்கா?"

எனக்குத் தெரியவில்லை.

"முடி இருக்கா மாமா?"

"நான் கண்ணாடிக் கதவைத் தாண்டி உள்ளே சென்றதே இல்லை."

"இந்தப் பூ எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும்."

அது கேள்வியாக இல்லை.

அவள் சரத்தைத் தரையில் போட்டுவிட்டுச் செருப்பைத் தேடினாள். "ஆட்டோ கூப்பிடுங்க."

ஆட்டோ எங்கிருந்து வரும்? பாதை முழுதும் தலைகள். ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து இடப்பக்கம்; கூட்டம் வலப்பக்கமாக நகர்கிறது. கூட்டத்தோடு சென்றால் மலையை முழுவதுமாகச் சுற்றித்தான் ஊருக்குள் வரமுடியும். இப்பிறவியில் மலையை எதிர்வலமாக நான் ஓரடி நடந்ததில்லை.

நடந்தேன். நான் முன்னே, இரு கைகளையும் விரித்துக்கொண்டு. அவள் என் முதுகைப் பற்றிக்கொண்டு. எவர் தோளாவது அவள் மார்பில் இடித்தால் அவள் நகங்கள் என் முதுகில் பதிந்தன. அக்கா கடைசியில்.

"பெரியவரே, எதிர்க்க வர்றீங்களே! நெத்தி நெறைய விபூதி வேற. அபச்சாரம்!"

"வழி விடுங்கள். பிள்ளை பெற்றவள்."

"திரும்பி நடய்யா! சாமி குத்தமாயிடும்!"

"வழி விடுங்கள். குழந்தைக்குப் பால் கொண்டுபோகிறோம்" என்று கத்தினேன். என் பின்னால் அவள் மெல்லச் சொன்னாள்: "எங்க மாமா பால்?"

ஒரு பெண் தன் கணவரை ஒதுக்கி நிறுத்தினாள். அவர் தம் நண்பரை ஒதுக்கினார். அப்படி அப்படியே ஒரு சிறு வழி திறந்தது. கற்பூர மணத்துக்கு நடுவே, மலைக்கு மேல் நிலவு எழ, எல்லாரும் வரும் திசையை எதிர்த்து மூவரும் சென்றோம்.

மருத்துவ அம்மையார் அவளைப் பரிசோதித்த பின் என்னையும் அழைத்தார். கோபிப்பார் என்றிருந்தேன். கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பால் சுரந்து போக வழி இல்லாம தேங்கினதுதான் அந்த வீக்கமும் வலியும். ஒண்ணு குழந்தை குடிக்கணும், இல்ல கறக்கணும். பூ வெச்சு, இறுக்கிக் கட்டி, கறக்காமலும் விட்டதால ஒடம்பு 'இனி வேண்டாம்போல'ன்னு சுரப்பைக் கொறச்சிடுச்சு. இடப்பக்கம் அடைச்சுக்கிட்டுக் கிருமி ஏறியிருக்கு; அதுக்கு மருந்து தர்றேன். சூடாத் துணி ஒத்தடம் குடுத்து, மெதுவா நீவி, அந்தப் பக்கமும் விடாமக் கறக்கணும். கறந்தப்புறம் குளிர்ச்சியா ஒத்தடம். அந்தப் பாலும் நல்ல பால்தான், பயப்படாதீங்க."

"திரும்ப வருமா டாக்டர்?" என்றாள் நிறைமதி.

"வரலாம். விடாம முயற்சி பண்ணணும். உறுதியாச் சொல்ல மாட்டேன்."

அவளை உள்ளே அழைத்துச் சென்றார்கள். கண்ணாடிக்கு அப்பால் அவள் குனிந்து நிற்பதை மட்டும் கண்டேன். நெடுநேரம் குனிந்தே நின்றாள். வெளியே வந்ததும் அக்காவிடம் சொன்னாள்: "முடி இருக்கு. நெறைய."

என்னிடம் பேசவில்லை.

சித்திரை 20, சனி

சொட்டுகள். எவர்சில்வர் கிண்ணத்தின் அடிகூட நனையவில்லை. அதையும் சகாயராணி பஞ்சில் தோய்த்துக் குழந்தையின் வாயில் தடவினார்.

தாய்மார்கள் தங்கும் அறையில் நிறைமதியும் அக்காவும் இருக்கிறார்கள். நான் வெந்நீர் வாங்கிக் கொடுக்கிறேன், கிண்ணத்தைக் கொதிக்க வைத்துத் தருகிறேன், காப்பி வாங்கி வருகிறேன். நிறைமதிக்கு வேண்டியதை அக்கா வந்து சொல்கிறார். நான் பக்கத்திலேயே நிற்கும்போதும், "துண்டு வேணும்னு சொல்லுங்கத்தை" என்கிறாள்.

சித்திரை 21, ஞாயிறு

இன்றும் சொட்டுகளே. வங்கிப் பால் நாளை வரைக்கும் என்றார்கள்.

சித்திரை 22, திங்கள்

காய்ச்சல் இறங்கிற்று. இடப்பக்கச் சிவப்பு சுருங்கியிருக்கிறது. கறக்கும்போது அவள் பல்லைக் கடிக்கும் ஓசை கதவுக்கு வெளியே கேட்கிறது. கிண்ணத்தின் அடி மறைந்தது, அவ்வளவே.

பிற்பகலில் சிவநேசன் பேசினான். காற்றின் இரைச்சலுக்கு நடுவே, "அப்பா, எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்றான். நிறைமதியிடம் கொடுத்தேன். அவள் என் எதிரிலேயே பேசினாள்.

"நல்லாயிருக்கா. வலிக்குதுதான். மாமாவா? கூடவேதான் இருக்காரு. காப்பியெல்லாம் வாங்கித் தர்றாரு."

வேறெதுவும் அவனிடம் சொல்லவில்லை. கைபேசியை என் கையில் தராமல் பெஞ்சின்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

வங்கியில் இன்னும் ஒருநாளைக்கு ஏற்பாடு செய்வதாகச் சகாயராணி சொன்னார். எந்தக் குழந்தையின் பங்கிலிருந்து என்று நான் கேட்கவில்லை.

சித்திரை 23, செவ்வாய்

குழந்தையின் உடல் சூடு நிற்கவில்லை. கங்காரு முறையில் மார்போடு அணைத்து வைத்திருக்க வேண்டும். தோலோடு தோல் பட்டால் சூடும் நிற்கும், மூச்சும் சீராகும், தாய்க்குச் சுரப்பும் கூடும் என்கிறார்கள். நிறைமதி காலை முழுதும் வைத்திருந்தாள். ஆனால் கறக்கும் நேரத்தில் வேறொருவர் அணைத்திருக்க வேண்டும். அக்காவுக்கு இருமல், உள்ளே விடமாட்டார்கள்.

"அப்பா யாராவது இருந்தா பண்ணலாம். ஆம்பளைங்களும் பண்ணலாம், தப்பில்லை" என்றார் சகாயராணி.

நிறைமதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். வியாழக்கிழமைக்குப் பின் முதன்முறையாக.

"மாமா, சட்டையக் கழட்டுங்க."

கை கழுவினேன். மேலாடை களைந்தேன்.

"அந்த உத்திராட்சமும் தாத்தா. குழந்தைக்கு உறுத்தும். நெஞ்சில இருக்கிற விபூதியும் தொடச்சிடுங்க, மூச்சுல ஏறும்."

தீட்சை பெற்ற நாள்முதல் அது என் கழுத்தைவிட்டு இறங்கியதில்லை. மரகதத்தின் ஈமக்கடனன்றும் இறங்கவில்லை. கழற்றி அக்காவிடம் நீட்டினேன். ஈரத்துணியால் நெஞ்சைத் துடைத்தேன்.

கண்ணாடிக் கதவைத் தாண்டினேன்.

சாய்நாற்காலியில் என்னை அமர்த்தி, என் நெஞ்சின்மேல் வைத்தார்கள். எடையே இல்லை. நனைந்த பறவைக்குஞ்சு போல ஒரு சூடு. தலை நிறைய முடி. காது ஒரு மொக்கின் இதழ்போல மடிந்திருந்தது. கண்களைத் திறந்து என் தாடியைப் பார்த்தது. என்னைப் பார்த்தது என்று சொல்லமாட்டேன்.

நிறைமதி எதிர் நாற்காலியில் முதுகு திருப்பி அமர்ந்து கறக்கத் தொடங்கினாள். நான் கண்களை மூடிக்கொண்டேன். பதிகம் சொல்ல எண்ணினேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

அப்போது என் நெஞ்சில் ஏதோ ஊர்ந்தது. திறந்த வாய். அது என் உலர்ந்த மார்பில் இங்கும் அங்கும் தலையை ஆட்டித் தேடிற்று. நரைமயிருக்கு நடுவே தேடிற்று. காம்பைக் கண்டு வாயை வைத்தது. உறிஞ்சிற்று. ஒன்றும் இல்லை. மறுபடியும் உறிஞ்சிற்று. பிறகு அழுதது. இத்தனை நாளும் குழந்தையின் அழுகையை எவரும் கேட்டதில்லை. மெல்லிய குரலாயினும் அறை முழுதும் கேட்டது.

"ஐயோ, பசிக்குதா என் குட்டிக்கு..." என்று திரும்பினாள் நிறைமதி. திரும்பியவள் அப்படியே நின்றாள். "சிஸ்டர்! சிஸ்டர், தானா வருது! ரெண்டு பக்கமும் வருது!"

"அசையாதீங்க! கிண்ணத்த எடுங்க, கிண்ணத்த! தாத்தா, நீங்க அழ விடுங்க, சமாதானப்படுத்தாதீங்க!"

என் பேத்தி என் நெஞ்சின்மேல் அழுதாள். நான் சமாதானப்படுத்தவில்லை.

சித்திரை 24, புதன்

கிண்ணம் பாதி. வங்கிப் பால் வேண்டாம் என்று நிறைமதியே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

சித்திரை 27, சனி

பாலாடைச் சங்கால் ஊற்றினால் தானே விழுங்குகிறாள். தாயின் வீக்கம் முற்றும் தணிந்தது. கறக்கும் நேரம் தவறினால் மட்டும் கனக்கிறதாம். இதை அக்கா சொல்லவில்லை, நிறைமதியே சொன்னாள்.

பிற்பகலில் அவள் கறந்துகொண்டிருக்க, குழந்தையை நான் அணைத்திருந்தேன்.

"பெயர் பார்த்து வைத்திருக்கிறேன் அம்மா" என்றேன். "மூன்று பெயர்கள். மூன்றுக்கும் நல்ல பொருள்."

"வேணாம் மாமா. நான் வெச்சிட்டேன். அன்னைக்குப் பௌர்ணமி, உள்ள போய்ப் பாத்தப்பவே. வளர்மதி."

நிறைமதியின் மகள் வளர்மதி. இதைவிடச் சிறந்த பெயரை நான் தேடிக் கண்டிருக்க முடியாது. அப்படியே சொன்னேன்.

"நீங்க தேடலையே மாமா" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் எளிதாக இருந்திருக்கும். பிறகு கிண்ணத்தை மூடிவிட்டு, "அத்தை சொன்னாங்க. உங்களுக்கும் ஒரு பொண்ணு இருந்துச்சாமே. அதுக்கு என்ன பேரு?" என்றாள்.

"வைக்கவில்லை" என்றேன்.

அவள் எழுந்துவந்து என் தோளிலிருந்து நழுவிய துணியைக் குழந்தையின் முதுகில் இழுத்துப் போர்த்தினாள்.

வைகாசி 6, திங்கள்

வளர்மதி நேற்று வீடு வந்தாள். தாயின் மார்பில் தானே குடிக்கிறாள். குடித்துக் களைத்து உறங்குகிறாள். மறுபடி எழுந்து குடிக்கிறாள். சிவநேசன் நாளை மறுநாள் டில்லியிலிருந்து ரயில் ஏறுகிறான்.

இன்று நந்தவனத்துக்குச் சென்றேன். நான் பறிக்காத நாட்களின் பூவெல்லாம் செடியடியில் பழுப்பாகக் கிடந்தது. புதுப்பூவை இரு கூடை பறித்து நானே சந்நிதிக்குக் கொண்டுசென்றேன். "பூச்சி போயிடுச்சா புலவரே?" என்றார் வேலாயுதம். பூச்சி ஏதும் விழவில்லை, நான்தான் கொண்டுவரவில்லை என்றேன். உண்ணாமுலை என்று அர்ச்சகர் அம்மன் திருநாமம் சொன்னபோது கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

காலையில் புறப்படும்போது நிறைமதி குழந்தையை மடியில் வைத்தபடி சொல்லியிருந்தாள்: "கோயிலுக்குப் போங்க மாமா, எத்தனை கூடை வேணா குடுங்க. வீட்டுக்குள்ள மட்டும் அந்தப் பூ வேண்டாம்."

திரும்பி வருகையில் தோள்துண்டின் மடிப்பில் மணம் அடித்தது. வாசற்படியில் நின்று துண்டை விரித்தேன். ஒரு மொக்கு ஒட்டியிருந்தது. உதறினேன். அது தெருவில் விழும்வரை பார்த்திருந்து, கால்களைக் கழுவிக்கொண்டு உள்ளே சென்றேன்.